ராம் வாங்கப் போறீங்களா? முதல்ல போர்டைக் கேளுங்க!

மூன்றாமாண்டு மாணவன், கணிப்பொறித் துறை

புதுசா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போகிறவனிடம் "என்ன ப்ராசஸர் போடப் போறே?" என்று கேட்டுப் பாருங்கள். நெட்டுருப் போட்ட மாதிரி பதில் வரும். கேபினெட்டுக்குள் எத்தனை கலர் லைட் எரியும் என்பது வரைக்கும் சொல்வான். "சரி, ராம்?" என்றால் "16 ஜிபி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என்ன 16 ஜிபி? டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ? ஒரே ஸ்டிக்கா, எட்டும் எட்டுமா? வாங்கப் போகும் போர்டில் அது ஓடுமா? "அதெல்லாம் கடைக்காரர் பார்த்துக் குடுப்பாருடா" என்பான்.

ஒரே கடையில் எல்லாச் சாமானையும் வாங்கினால் கடைக்காரர் பார்த்துத்தான் கொடுப்பார். ஆனால் நம்மில் பாதிப் பேர் அப்படி வாங்குவதில்லையே! போர்டும் ப்ராசஸரும் பெங்களூரில் வேலை பார்க்கும் மாமா பையன் எஸ்.பி. ரோட்டில் வாங்கி வந்தது. எஸ்.எம்.பி.எஸ். சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் வாங்கியது. ராம் மட்டும் ஆன்லைனிலோ, ராத்திரி ரயிலேறிப் போய் சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசியோ வாங்கியது. ஒவ்வொரு கடைக்காரரும் அவரவர் சாமானுக்குத்தான் பொறுப்பு. இது அதோடு சேருமா என்பதற்கு நாம்தான் பொறுப்பு.

முன்பெல்லாம் இதில் ஏமாந்தால் போவது கொஞ்சப் பணம். இப்போது அப்படியில்லை. உலகத்தில் தயாராகும் மெமரி சிப்புகளில் பெரும்பகுதி மூன்றே கம்பெனிகளிடம் இருக்கிறது. தென்கொரியாவின் சாம்சங்கும் எஸ்.கே. ஹைனிக்ஸும், அமெரிக்காவின் மைக்ரானும். செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் டேட்டா சென்டர்களுக்கு வேண்டிய மெமரியைச் செய்வதற்கு இவர்கள் தங்கள் ஆலைகளைத் திருப்பிவிட்டார்கள். நம்மைப் போன்றவர்கள் வாங்கும் சாதாரண ராம் குறைந்துபோய், 2025-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், 'குரூஷியல்' என்ற தன் சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது.

இது முதல் தடவையும் அல்ல. 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமா என்ற ஊரில் சுமிடோமோ கெமிக்கல் ஆலை வெடித்தது. அங்கே தயாரானது மெமரியே இல்லை. சிப்பை மேலே மூடுகிற எபாக்சி பிசின்! அதற்கே உலகம் முழுக்க ராம் விலை எகிறியது. 1999 செப்டம்பரில் தைவானில் பூகம்பம் வந்தபோதும் அதே கதை. மக்காச்சோளம் விலை ஏறினால் முட்டை விலை ஏறுவதைப் பார்த்து வளர்ந்த நாமக்கல்காரர்களுக்கு இது புரியாத சங்கதி அல்ல. தறி ஓட்டியும் லாரி ஓட்டியும் வீட்டில் சேர்த்துக் கொடுத்த பணத்தில் ஒரு பெரிய துண்டு இப்போது ராமுக்கே போகிறது. அதனால் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

ராமுக்கு முதலாளி யார்?

ராமுக்குள் இருப்பது கோடிக்கணக்கான குட்டி அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். கெப்பாசிட்டரில் சார்ஜ் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்த ராபர்ட் டெனார்ட். 1968-இல் காப்புரிமை கிடைத்தது. 1970-இல் இன்டெல் விற்ற '1103' சிப்பில் 1,024 அறைகள். இன்றைய 16 ஜிபி-யில் சுமார் 13,743 கோடி அறைகள்!

கெப்பாசிட்டர் என்றால் ஓட்டைக் குடம் மாதிரி. சார்ஜ் ஒழுகிக்கொண்டே இருக்கும். டிடிஆர்4 ராமில் ஒவ்வொரு அறையையும் 64 மில்லி செகண்டுக்குள் ஒரு தடவை படித்து மறுபடி நிரப்பியாக வேண்டும். இதற்கு நேரம் குறித்து ஆணையிடுவது 'மெமரி கன்ட்ரோலர்'. எந்த வரிசை, எந்தப் பத்தி, எத்தனை சிப், எத்தனை வோல்ட் என்ற கணக்கெல்லாம் அதன் கையில்தான். ஒரு காலத்தில் இந்தக் கன்ட்ரோலர் மதர்போர்டில் 'நார்த் பிரிட்ஜ்' என்ற சிப்பில் இருந்தது. 2003-இல் ஏ.எம்.டி. தன் அத்லான் 64-இல் அதை ப்ராசஸருக்குள்ளேயே கொண்டுவந்தது. இன்டெல் 2008-இல் முதல் கோர் ஐ7-இல் கொண்டுவந்தது.

ஆக, ராம் சேருமா சேராதா என்று தீர்ப்புச் சொல்வது இரண்டு பேர். ஸ்லாட்டும் வயரிங்கும் போர்டினுடையது. எந்த மாதிரி சிப்போடு பேசத் தெரியும் என்பது ப்ராசஸரினுடையது. ராம் பெட்டியின் மேல் எழுதியிருப்பது மூன்றாவதுதான். நாமோ அந்த மூன்றாவதை முதலில் படிக்கிறோம்.

தலைமுறையும் காடியும்

டிடிஆர்1-க்கு 184 பின், 2.5 வோல்ட். டிடிஆர்2-க்கு 240 பின், 1.8 வோல்ட். டிடிஆர்3-க்கும் 240 பின்தான், ஆனால் 1.5 வோல்ட். டிடிஆர்4-க்கு 288 பின், 1.2 வோல்ட். டிடிஆர்5-க்கும் 288 பின், 1.1 வோல்ட். பின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதே என்று டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5-ஐச் செருகப் பார்க்காதீர்கள். ஸ்டிக்கின் அடியில் ஒரு வெட்டு இருக்கிறதே, அந்தக் காடி ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு வேறு இடத்தில் இருக்கும். தப்பாகப் போட முடியாதபடி வேண்டுமென்றே வைத்த பூட்டு அது. ஸ்டிக்கை வெறும் கையில் ஸ்லாட்டின் மேல் வைத்துப் பார்த்தாலே காடி நேராக வருகிறதா என்று தெரியும். வராவிட்டால் அழுத்தாதீர்கள்! ராமும் போகும், போர்டும் போகும்.

எந்த ப்ராசஸருக்கு எது? ஏ.எம்.டி.யில் கணக்கு சுலபம். ஏ.எம்.4 சாக்கெட் என்றால் டிடிஆர்4 மட்டும். 2022-இல் வந்த ஏ.எம்.5 என்றால் டிடிஆர்5 மட்டும். இன்டெல்லில்தான் குழப்பம். 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்.ஜி.ஏ. 1700 என்ற ஒரே சாக்கெட். ப்ராசஸருக்கு டிடிஆர்4-ம் தெரியும், டிடிஆர்5-ம் தெரியும். ஆனால் போர்டில் இரண்டில் ஏதாவது ஒன்றுக்குத்தான் ஸ்லாட் வைத்திருப்பார்கள். ஒரே மாடல் பெயரில் இரண்டு போர்டு வரும், ஒன்றின் வால்பகுதியில் 'டி4' என்று இருக்கும். ஆன்லைனில் ஆர்டர் போடும்போது அந்த இரண்டெழுத்தைக் கவனிக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். 2024 அக்டோபரில் வந்த டெஸ்க்டாப் கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு டிடிஆர்5 மட்டும்தான்.

இன்னொன்று. நம் வீடுகளில் பலருக்கு 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ வாங்கிய லேப்டாப் பரணில் கிடக்கும். "அதுல இருக்கற ராமைக் கழட்டி இதுல போட்டா என்னங்க?" என்று ஜூனியர் ஒருவன் கேட்டான். லேப்டாப் ராம் 'சோ-டிம்' என்ற வகை. நீளமே பாதிதான். டெஸ்க்டாப் ஸ்லாட்டில் நிற்காது. அந்த லேப்டாப்புக்கே இன்னொரு ராம் வாங்கிப் போட்டு உயிர் கொடுப்பது நல்ல காரியம். இதற்கு ஆகாது.

மலிவு ராம் எங்கிருந்து வருகிறது?

தலைமுறை சரி, காடி சரி, அழுத்தினால் 'டக்'கென்று உட்காருகிறது. ஆனாலும் டிஸ்ப்ளே வராது! எனக்குத் தெரிந்து அதிகம் பேர் பணத்தை விடும் இடம் இதுதான்.

எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன், ராசிபுரத்துக்காரன், ஒரு கடையில் 16 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக்கைப் பாதி விலைக்கு வாங்கி வந்தான். "தம்பி, பெரிய கம்பெனி சர்வர்ல கழட்டுனது. இரும்பு மாதிரி உழைக்கும்" என்றாராம் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யில்லை. சர்வரில் போட்டால் இன்னும் பத்து வருஷம் உழைக்கும். அவனுடைய போர்டில் ஃபேன் சுற்றியது, ஸ்பீக்கர் 'பீப் பீப்' என்றது, திரை கறுப்பாகவே இருந்தது. சர்வர் ராம் பெரும்பாலும் 'ரிஜிஸ்டர்டு' வகை. கன்ட்ரோலருக்கும் மெமரி சிப்புகளுக்கும் நடுவில் ஒரு தரகர் சிப் உட்கார்ந்திருக்கும். நம் டெஸ்க்டாப் ப்ராசஸருக்குத் தரகரோடு பேசத் தெரியாது, நேரடி வியாபாரம்தான் தெரியும். நமக்கு வேண்டியது 'அன்பஃபர்டு'. டிடிஆர்4-இல் இரண்டுக்கும் காடி ஒரே இடத்தில் இருப்பதால் ஸ்டிக் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறது. டிடிஆர்5-இல் காடியைத் தள்ளி வைத்துவிட்டார்கள், இந்தத் தொல்லை இல்லை.

கண்டுபிடிப்பது எப்படி? ஸ்டிக்கைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் 8 பெரிய சிப் என்றால் சாதாரண ராம். 9 என்றால் பிழை திருத்தும் 'ஈ.சி.சி.' வகை. அதோடு நடுவில் தனியாக இன்னொரு சின்ன சிப் இருந்தால் ரிஜிஸ்டர்டு என்று சந்தேகப்பட வேண்டும். அதைவிட உறுதியான சாட்சி லேபிள். '8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ-யுஏ2' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'பிசி4' என்றால் டிடிஆர்4. 3200 வேகம். கடைசித் துண்டின் முதல் எழுத்து 'யு' என்பதுதான் அன்பஃபர்டு, நம்முடையது. அந்த இடத்தில் 'ஆர்' இருந்தால் ரிஜிஸ்டர்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். 'எஸ்' இருந்தால் லேப்டாப். கலர் ஜாக்கெட் மாட்டிய ஸ்டிக்குகளில் இந்த லேபிள் பெரும்பாலும் இருக்காது. அவற்றுக்கு மாடல் நம்பரைக் கம்பெனியின் தளத்தில் போட்டுப் பார்ப்பதே வழி.

அந்த '1ஆர்எக்ஸ்8' என்பதையும் தாண்டிப் போகாதீர்கள். ப்ராசஸர் ஒரு ஸ்டிக்கிடமிருந்து ஒரே நேரத்தில் 64 பிட் கேட்கிறது. ஒவ்வொரு சிப்பும் 8 பிட் கொடுத்தால் 8 சிப் சேர்ந்து 64. 'எக்ஸ்8' என்பது அதுதான். முன்னால் உள்ள '1ஆர்' என்பது அப்படி ஒரு வரிசை இருக்கிறது என்று அர்த்தம், '2ஆர்' என்றால் இரண்டு வரிசை. இதைத் தெரிந்துகொண்டால் பழைய டிடிஆர்3 சந்தையின் பெரிய மர்மம் ஒன்று விளங்கும்.

8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக், விலை மற்றதைவிட ரொம்பக் குறைவு, மூலையில் 'ஏ.எம்.டி.க்கு மட்டும்' என்று எழுதியிருக்கும். ராமில் என்ன ஏ.எம்.டி. ஜாதி, இன்டெல் ஜாதி? சங்கதி இதுதான். ஒழுங்கான 8 ஜிபி ஸ்டிக்கில் 8 பிட் கொடுக்கும் 16 சிப்புகள் இரண்டு வரிசையாக இருக்கும், '2ஆர்எக்ஸ்8'. இந்த மலிவு ஸ்டிக்கிலும் 16 சிப்தான். ஆனால் ஒவ்வொன்றும் 4 பிட்தான் கொடுக்கும், பதினாறும் சேர்ந்து ஒரே வரிசை, '1ஆர்எக்ஸ்4'. 4 பிட் சிப்புகள் சர்வர் ராமுக்காகச் செய்யப்படுபவை. அவற்றை மலிவாக வாங்கி டெஸ்க்டாப் பலகையில் ஒட்டி விற்கிறார்கள். அந்தக் கால ஏ.எம்.டி. கன்ட்ரோலர்கள் இந்த முகவரிக் கணக்கைச் சமாளித்தன. இன்டெல் கன்ட்ரோலர்களுக்கு அன்பஃபர்டு ஸ்டிக்கில் 4 பிட் சிப் ஆகவே ஆகாது. இன்டெல்லின் எச்61 போர்டு வைத்திருப்பவர் இதை வாங்கினால் பணம் தண்ணீரில் போட்டதுதான். சிப்பை எண்ணினாலும் வித்தியாசம் தெரியாது என்பதைக் கவனியுங்கள்!

இதற்குத் தம்பி மாதிரி இன்னொன்று ஜி41 போர்டு. கோர் டூ டுவோ காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய போர்டு அது. டிடிஆர்3 ஸ்லாட் வைத்த ஜி41-இல் 4 ஜிபி ஸ்டிக் போட்டால் சிலருக்கு ஓடும், சிலருக்கு ஓடாது. "அதிர்ஷ்டம்ப்பா" என்பார்கள். அதிர்ஷ்டம் இல்லை. அந்தக் கன்ட்ரோலருக்கு 2 ஜிகாபிட் சிப் வரைக்கும்தான் எண்ணத் தெரியும். 16 சிப் சேர்ந்து 4 ஜிபி ஆகிற ஸ்டிக் என்றால் ஓடும். பின்னால் வந்த, 8 சிப்பிலேயே 4 ஜிபி ஆகிற ஸ்டிக் என்றால் ஓடாது. பழைய சிஸ்டத்தை நோண்டுகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். புது சிஸ்டம் போடுகிறவர்களுக்கு இது வெறும் கதை.

ஜோடி

லாரியின் பின் அச்சில் ஜோடி டயர் மாட்டும்போது ஒன்று புதுசும் ஒன்று தேய்ந்ததுமாக மாட்டினால் என்ன ஆகும் என்று திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்து நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராமிலும் ஜோடிக்கு ஒரு மரியாதை உண்டு. சொல்லப்போனால் அந்தக் காலத்தில் ஜோடி கட்டாயமாகவே இருந்தது. 486 மெஷினில் 30 பின் 'சிம்' ஒவ்வொன்றும் 8 பிட். ப்ராசஸருக்கு 32 பிட் வேண்டும், ஆக நாலு நாலாகத்தான் போட வேண்டும். பென்டியத்துக்கு 64 பிட், 72 பின் சிம் 32 பிட், ஆக இரண்டிரண்டாக. 64 பிட் அகலமுள்ள 'டிம்' வந்த பிறகுதான் ஒற்றை ஸ்டிக் போதும் என்றானது.

இன்றைக்கு ஒற்றை ஸ்டிக்கிலும் சிஸ்டம் ஓடும். ஆனால் டெஸ்க்டாப் ப்ராசஸரில் இரண்டு சேனல் இருக்கிறது. ஒற்றை ஸ்டிக் போட்டால் ஒரு வழி சும்மா கிடக்கும். டிடிஆர்4-3200 ஒரு சேனலில் செகண்டுக்கு 25.6 ஜிகாபைட் கடத்தும், இரண்டில் 51.2. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்காமல் ரைசன் 5 5600ஜி மாதிரி ப்ராசஸரின் உள் கிராபிக்ஸை நம்பியிருப்பவர்களுக்கு இது உயிர்நாடி. ஏனென்றால் அந்த கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, நம் ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. என் கருத்து: கார்டு இல்லாவிட்டால் 16-க்கு எட்டும் எட்டும்தான், பேச்சே இல்லை. கார்டு இருந்து, போர்டில் இரண்டே ஸ்லாட், கையில் காசும் குறைவு என்றால் இப்போதைக்கு ஒரு 16 போட்டு ஒரு ஸ்லாட்டைக் காலியாக வைப்பதும் தப்பில்லை. எட்டும் நாலும் கலந்து போட்டாலும் இன்டெல் சிஸ்டங்கள் பெரும்பாலும் சமாளித்துவிடும். சமமான பகுதி வரைக்கும் இரண்டு வழியிலும், மிச்சம் ஒரு வழியிலும் ஓடும்.

வேகம் வேறுபட்ட இரண்டைப் போட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். ஒரே மாடல் நம்பரை ஒரு வருஷம் கழித்து வாங்கினாலும் உள்ளே சிப் மாறியிருக்கலாம். கம்பெனிகள் சொல்லாமல் மாற்றுவது வழக்கம். அதனால்தான் இரண்டு ஸ்டிக்கை ஒரே பெட்டியில் 'கிட்' என்று விற்கிறார்கள். சேர்த்துச் சோதித்தது என்று அர்த்தம். ஏ.எம்.5-இல் நாலு ஸ்லாட்டையும் நிரப்புவதற்கு முன் யோசியுங்கள். ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நாலு என்றால் 3600 என்று ஏ.எம்.டி.யே எழுதி வைத்திருக்கிறது. நாலு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக் மாட்டும்போது பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும். பக்கத்துப் பக்கத்தில் சொருகிவிட்டு "டூயல் சேனல் வரலையே" என்று தலையைச் சொறியக் கூடாது. போர்டோடு வரும் புத்தகத்தில் படமே போட்டிருக்கும்.

3200 என்றால் 3200 தானா?

கடையில் 3200 என்று வாங்குவோம். வீட்டில் சிபியு-இசட் போட்டுப் பார்த்தால் 1600 என்று காட்டும். உடனே சண்டைக்குக் கிளம்பாதீர்கள். டிடிஆர் என்பதே கடிகாரத்தின் ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை டேட்டா அனுப்புவது. 1600 துடிப்பு, 3200 அனுப்பல். கடைக்காரர் நல்லவர்தான்.

ஆனால் 1066 அல்லது 1200 என்று காட்டினால் வேலை பாக்கி இருக்கிறது. கேம் விளையாடுபவர்களுக்கென்று விற்கும் 1.35 வோல்ட் ஸ்டிக்குகள் முதலில் 2133 அல்லது 2400-இல்தான் எழுந்திருக்கும். பயாஸுக்குள் போய் இன்டெல் போர்டானால் 'எக்ஸ்.எம்.பி.', டிடிஆர்5 போடும் ஏ.எம்.டி. போர்டானால் 'எக்ஸ்போ' என்பதை ஆன் செய்ய வேண்டும். செய்யாமல் வருஷக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. ஜாக்கெட் இல்லாத பச்சைப் பலகை 1.2 வோல்ட் 3200 ஸ்டிக்குக்கு இந்த வேலையே தேவையில்லை. போர்டும் ப்ராசஸரும் 3200-ஐ ஏற்றால் தானாக ஓடும். எல்லாம் ஏற்பதில்லை. ஐ5-10400-ஐ பி460 போர்டில் போட்டால் 2666-க்கு மேல் போகவே போகாது. அங்கே 3600 வாங்கிப் போடுவது மாட்டுவண்டியில் ரேடியல் டயர் மாட்டுகிற கதை.

போர்டு கம்பெனிகள் சோதித்துப் பார்த்த ராம்களின் பட்டியலைத் தங்கள் தளத்தில் போடுகின்றன. பட்டியலில் இல்லாவிட்டால் ஓடாது என்று அர்த்தமில்லை, அவர்கள் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சாதாரண டிடிஆர்4-3200-க்கு அதைத் தேடி நேரம் போக்க வேண்டாம் என்பேன். டிடிஆர்5-இல் 6000-க்கு மேல் ஆசைப்படுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எத்தனை ஜிபி? ஆட்டோகேட் 2024 பதிப்பே குறைந்தது 8 கேட்கிறது. விண்டோஸ், பிரவுசர் எல்லாம் சேர்த்தால் நம் டிப்ளமோ வேலைக்கு 16 போதும். இப்போதைய விலையில் 32 என்பது ஆடம்பரம். புரோகிராம் மட்டும் எழுதுகிறவர்கள் லினக்ஸ் போட்டு 8-இலும் காலம் தள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாட்டும்போதும், மாட்டிய பிறகும்

பங்குனி, சித்திரை வெயிலில் நைலான் சட்டையோடு உட்கார்ந்து மாட்டாதீர்கள். முதலில் கேபினெட்டின் பெயின்ட் அடிக்காத இரும்பைத் தொட்டுவிட்டு ஸ்டிக்கை ஓரத்தில் பிடியுங்கள். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் தறி வீடுகளில் பஞ்சுத் தூசி ஸ்லாட்டுக்குள் இறங்கி 'நோ டிஸ்ப்ளே' வருவது சகஜம். ஸ்டிக்கின் தங்க நிறப் பட்டையை மெல்லிய ரப்பரால் துடைக்கும் நம்ம ஊர் வைத்தியம் நல்ல வைத்தியம்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது கொலை.

ஏ.எம்.5 போர்டில் முதன்முதலாக ஸ்விட்சைப் போட்டதும் திரை சில நிமிஷம் கறுப்பாகவே இருக்கும். கன்ட்ரோலர் ஒவ்வொரு வயரிலும் எத்தனை தாமதம் என்று அளந்து பழகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பயந்து போய் அணைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிஷம் பொறுங்கள், டீ குடித்துவிட்டு வாருங்கள். அதற்கப்புறமும் வராவிட்டால் ஒரு ஸ்டிக்கை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் வைத்துப் பாருங்கள், பிறகு இன்னொன்றை. எது குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

டிஸ்ப்ளே வந்துவிட்டதென்று ராமை நம்பிவிட முடியாது. விண்டோஸ் ஏறும், பாட்டுப் பாடும், ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரத்தில் நீலத்திரை வரும். அதனால் வாங்கிய அன்றைக்கே பென்டிரைவில் 'மெம்டெஸ்ட்86' ஏற்றி அதிலிருந்து பூட் செய்து ஓடவிடுங்கள். இலவசம்தான். 16 ஜிபி-க்குச் சில மணி நேரம் பிடிக்கும். கரன்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், யு.பி.எஸ். இல்லாதவர்கள் ராத்திரி ஓடவிடுவது உத்தமம். முதலில் எக்ஸ்.எம்.பி. ஆஃப் செய்து ஒரு சுற்று, பிறகு ஆன் செய்து ஒரு சுற்று. ஆஃபில் சுத்தமாகவும் ஆனில் பிழையோடும் வந்தால் வேகத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள். ஆஃபிலேயே ஒரு பிழை வந்தாலும் அந்த ஸ்டிக் ஆகாது, "ஒண்ணே ஒண்ணுதானே" என்று விடாதீர்கள். ஸ்டிக்கின் சீரியல் நம்பரைப் பில்லில் எழுதி வாங்கியிருந்தால் கடைக்காரரும் மறுப்புச் சொல்ல முடியாது. சோதனை முடிகிற வரைக்கும் அந்தப் பில்லையும் அட்டைப் பெட்டியையும் அம்மா குப்பையில் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.